யாழ்ப்பாணத்தில இரவு எங்க இருக்கு? ஒரு சவுண்ட்காரன்ர அனுபவம்

வெளிநாட்டில இருந்து லீவுக்கு வாற சொந்தக்காரப் பெடியள் வந்து இறங்கின கையோட என்னட்டக் கேக்கிற கேள்வி, "அண்ணை, இஞ்ச நைட் லைஃப் ஒண்டும் இல்லையோ?" எண்டதுதான். கொழும்பில இருந்து வேலை மாறி வாறவையும் இதத்தான் கேக்கினம், எட்டரை ஒன்பதுக்கு டவுன் இருண்டு போகுது, கடையெல்லாம் ஷட்டர் போட்டாச்சு, நீங்கள் என்னெண்டு இருக்கிறியள் எண்டு. நான் கனகாலமா லைட் அன் சவுண்ட் வேலை செய்யிறன், அப்ப இரவுதான் எனக்கு வேலை நேரம். கோயில் திருவிழா, கலியாண பார்ட்டி, ஹோட்டல் மொட்டைமாடி, முற்றவெளி மைதானத்துக் கொன்சேர்ட், கூத்து, சேர்ச் பெருநாள் எண்டு எல்லா இடமும் பெட்டி இறக்கி வயர் இழுத்திருக்கிறன். அதால எனக்குத் தெரிஞ்சதைக் கொஞ்சம் விரிவா எழுதுறன். யாழ்ப்பாணத்தில நல்ல வடிவான இரவு இருக்கு, ஆனா அதைப் பாக்கக் கலண்டரைத்தான் விரிக்கவேணும். எந்த நாள் எந்த ஊர் விடிய விடிய முழிச்சிருக்கும் எண்டு தெரிஞ்சா இஞ்ச ஒரு வருசம் போறதே தெரியாது, தெரியாட்டி ரூமுக்குள்ள ஃபோனோட படுத்திருக்கவேண்டியதுதான்.

முதல்ல டவுன் ஏன் இவ்வளவு நேரத்தோட அடங்குது எண்டதை விளங்கிக்கொள்ளவேணும். அப்பா ஆக்கள் சொல்லுவினம், முந்தி செக்கண்ட் ஷோ முடிஞ்சு சனம் நடுச்சாமத்தில கஸ்தூரியார் வீதியால கதைச்சுக் கதைச்சு நடந்து போகுமாம், வின்சர், வெலிங்டன், ராணி, ராஜா, மனோகரா, லிடோ, சிறீதர் எண்டு அவ்வளவு தியேட்டர் இருந்த ஊர் இது. பிறகு சண்டை வந்திட்டுது. 1990க்குப் பிறகு பல வருசம் குடாநாட்டுக்குக் கரண்ட் இல்லை, சைக்கிள் டைனமோவைச் சுத்தித்தான் றேடியோ கேட்டது, ஆரும் ஒரு வீட்டில ஜெனரேற்றர் வைச்சுப் படம் போட்டா அந்த ஒழுங்கை முழுக்க அங்கதான். அதுக்குப் பிறகு ஊரடங்கு, செக் பொயின்ற், 2006இல தெற்கோட எங்களை இணைக்கிற ஏ9 பாதையும் பூட்டினது. பொழுதுபட்டாப் படலையைச் சாத்திப்போட்டு லாம்பைத் தணிச்சு வைச்சு வாழப் பழகின ஆக்கள்தான் இப்ப இந்த ஊரில அம்மா அப்பாவா இருக்கினம். எட்டு மணி தாண்டினா வீட்டில இருந்து "எங்க நிக்கிறாய்" எண்டு கோல் வாறது அதாலதான். அதைப் பட்டிக்காட்டுப் பழக்கம் எண்டு சொல்லாதேங்கோ, அந்தப் பயத்துக்குப் பின்னால கனக்கக் கதை இருக்கு. பாதை திறந்து, 2014 ஒக்டோபரில யாழ்தேவி திரும்பவும் யாழ்ப்பாணம் ஸ்டேசனுக்கு வந்து, ஹோட்டல் எழும்பி, இப்பதான் ஊர் மெல்ல மெல்ல இரவுக்குத் திரும்பிக்கொண்டிருக்கு.

சாதாரண நாளில பின்னேரம் எங்க போறது எண்டு கேட்டா நான் பண்ணையைத்தான் சொல்லுவன். கோட்டைக்குப் பக்கத்தால பண்ணைப் பாலம் தீவுப்பக்கம் போகத் தொடங்கிற இடம், ரெண்டு பக்கமும் ஆழமில்லாத கடல், சூரியன் அப்பிடியே தண்ணிக்குள்ள இறங்கிறது தெரியும். ஆறு மணிக்கு முன்னமே போய் நிண்டா நல்லது. கச்சான், சுண்டல், மாங்காய், பொரியல் எண்டு வண்டில் எல்லாம் நிக்கும், பிள்ளையள் ஓடித் திரியும். சோளகக் காத்து அடிக்கிற மாதங்களில, வைகாசியில இருந்து ஆவணி புரட்டாதி வரைக்கும் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ, அங்க நிக்க அவ்வளவு சுகம், ஆனா எங்களைப் போல ஆக்களுக்கு அதே காத்துத்தான் தலையிடி. கடற்கரையில ஸ்பீக்கர் கட்டினா மேடையில பாடுற பாட்டு முன்னுக்கு இருக்கிற சனத்துக்குக் கேக்காமல் பக்கத்து ஊருக்குக் கேக்கும். கடற்கரை நிகழ்ச்சிக்குப் போறியள் எண்டா காத்து ஸ்ரேஜில இருந்து உங்களை நோக்கி வாற பக்கமாப் பாத்து இருங்கோ, கொஞ்சம் தூரமா இருந்தாலும் பரவாயில்லை, சொல்லு தெளிவாக் கேக்கும்.

பண்ணையால வந்தா பிறகு கிறீம் ஹவுஸ். இஞ்ச ஐஸ்கிறீம் குடிக்கப் போறது எண்டது ஒரு பெரிய வெளிக்கிடுகைதான், வெளியூரில பிறந்த பிள்ளையளுக்கு இது விளங்காது. ஒரு குடும்பம் முழுக்க, அம்மம்மாவில இருந்து கைக்குழந்தை வரைக்கும், உடுப்பு மாத்தி மல்லிகைப்பூ வைச்சு வெளிக்கிட்டு நல்லூரடியில ரியோவில வந்து நிண்டு ஸ்பெசல் ஐஸ்கிறீமும் றோல்ஸும் ஓடர் பண்ணி ஒரு மணித்தியாலம் இருந்து கதைச்சிட்டுப் போவினம். பிறந்தநாள், சோதனை பாஸ், பொம்பிளை பாக்கிறது, எல்லாம் அந்த மேசையிலதான் நடக்கும். ஞாயிறு பின்னேரம் இடம் கிடைக்கிறது கஷ்டம், கிழமை நாளில எட்டு மணியளவில போனா அமைதியா இருக்கும். சைவச் சாப்பாடு எண்டா பெரிய கடைப்பக்கம் மலாயன் கபே, வாழையிலையில போடுவினம், ஆனா அங்க நேரத்தோட போகவேணும், பிந்திப் போனா தோசை மாவு முடிஞ்சிட்டுது எண்டு கையைக் காட்டுவினம். கொத்துக்கடையள்தான் இரவில கொஞ்சம் பிந்தித் திறந்திருக்கும், தட்டுற சத்தத்தைக் கேட்டே கடையைக் கண்டுபிடிக்கலாம்.

படம் பாக்கிற ஆக்களுக்கு ஆஸ்பத்திரி வீதியில கார்கில்ஸ் சதுக்கத்துக்குள்ள தியேட்டர் இருக்கு, ராஜாவும் ஓடுது. பெரிய நடிகற்ற படம் வாற நாளில தியேட்டர் வாசலில வெடி, கட்டவுட், பால் எண்டு திருவிழாதான். குடும்பமாப் போறவை முதல் ரெண்டு நாளையும் விட்டிட்டுப் போங்கோ, விசிலில ஒரு வசனமும் கேக்காது.

பார் தேடுறவைக்கு நேரா சொல்லுறன். தனியா நிக்கிற டான்ஸ் கிளப் எண்டு தேடி அலையாதேங்கோ, இருந்து குடிக்கிற மரியாதையான இடமெல்லாம் ஹோட்டலுக்குள்ளதான். ஜெட்விங் ஹோட்டலில மொட்டைமாடியில பார் இருக்கு, மேல இருந்து பாத்தா ஊர் முழுக்க மரமும் கோயில் கோபுரமும் சேர்ச் கோபுரமும் அங்கால கடலும் தெரியும். டவுனுக்குள்ள வேற ஹோட்டலுகளும் இருக்கு. சில இடம் சைவம் மட்டும், மதுவும் இல்லை, அங்க போய் நிண்டு பியர் கேட்டு ஆக்களைச் சங்கடப்படுத்தாமல் புக் பண்ணக்குள்ளயே கேளுங்கோ. 21 வயசுக்குக் குறைஞ்சவைக்குக் குடுக்கக்கூடாது எண்டது சட்டம், அடையாள அட்டையைக் கையில வைச்சிருங்கோ. போயா நாளில நாடு முழுக்க பாரும் மதுக்கடையும் பூட்டு, ஆனபடியா வெள்ளி சனி எண்டு பிளான் போட முதல் பௌர்ணமி எப்ப எண்டு பாருங்கோ. மற்றது, மெனுவில இருக்கிற விலைக்கு மேல சேர்விஸ் சார்ஜும் வரியும் ஏறும், ஓடர் குடுக்க முதலே "எல்லாம் சேத்து எவ்வளவு" எண்டு கேட்டா வெக்கமில்லை, பில் வந்த பிறகு வெயிற்றரோட சண்டை பிடிக்கிறதுதான் வெக்கம், அவர் என்ன செய்வார் பாவம்.

கள்ளு கேட்டு இரவில வாறவையும் இருக்கினம். அது பகல் சாமான். காலமை இறக்கின பனங்கள்ளு மத்தியானத்துக்குள்ள இனிப்பும் புளிப்பும் சேந்து நல்லா இருக்கும், பிறகு நேரம் போகப் போகப் புளிச்சுக்கொண்டே போகும். கள்ளு விக்கிற சங்கத் தவறணைக்குப் பகலில போங்கோ, ஊர் ஆள் ஒருத்தரோட போங்கோ, அங்க இருக்கிற ஐயாமார் சீவல் தொழிலைப் பற்றிச் சொல்லுறதைக் கேட்டுக்கொண்டு ஓலையில மடிச்ச பிளாவில ஒருக்காக் குடிச்சிட்டு வாங்கோ. குடிச்சிட்டு மோட்டச்சைக்கிள் எடுக்கிறதை மட்டும் நான் பாத்துக்கொண்டிருக்கமாட்டன், திறப்பைப் பறிச்சு வைச்சிருக்கிறன் கன பேரிட்ட. எங்கட ரோட்டில இரவில மாடு படுத்திருக்கும், லைட் இல்லாத சைக்கிள் வரும், மதகடியில திடீரெண்டு வளைவு வரும். பிக்மீ அப்பில ஓட்டோ பிடிக்கலாம், இல்லாட்டி தெரிஞ்ச ஓட்டோ அண்ணையின்ர நம்பரைப் பின்னேரமே கேட்டு "இத்தினை மணிக்கு வரேலுமோ" எண்டு சொல்லி வையுங்கோ. பத்து மணிக்குப் பிறகு அப் காட்டுற ஓட்டோ எல்லாம் வராது.

இனிக் கலண்டருக்கு வாறன், நான் எழுத நினைச்ச விசயம் இதுதான்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா 25 நாள், ஆடி ஆவணியில வரும். அந்த நாளுகளில யாழ்ப்பாணம் வேற ஊர். கோயிலைச் சுத்தி ரோட்டெல்லாம் வாகனத்துக்குப் பூட்டு, மணல் பரப்பின வீதியில சனம் வெறுங்காலோட நடக்கும், கச்சான் கடை, வளையல் கடை, ஐஸ்கிறீம் வான், சாமத்தியப்பட்ட பெட்டையள் முதல்முதலாச் சாறி உடுத்து நடக்கிறது, கனடாவால வந்த மாமா தன்னோட படிச்சவரைக் கண்டு கட்டிப்பிடிக்கிறது, எல்லாம் அங்கதான். நல்லூரான் நேரம் தவறமாட்டான், பூசை சொன்ன நேரத்துக்கு மணி அடிக்கும், சாமி சொன்ன நேரத்துக்கு வெளிய வரும், ஆனபடியா "ஒரு அரை மணித்தியாலம் பிந்திப் போவம்" எண்டு இருந்தா வெறும் வீதிதான் மிஞ்சும். ஆம்பிளையள் உள்ள போகேக்க மேல் சட்டை கழட்டவேணும், வேட்டி கட்டிக்கொண்டு போறது வசதி. அர்ச்சனை ரிக்கெற் ஒரு ரூபாதான், சில்லறை கொண்டு போங்கோ. சைக்கிளையும் மோட்டச்சைக்கிளையும் சுத்தியுள்ள வீட்டு வளவுகளில காசுக்கு விடலாம், துண்டு தருவினம், அந்தத் துண்டை ஃபோட்டோவும் எடுத்து வையுங்கோ, எந்த ஒழுங்கை எண்டதையும் எழுதி வையுங்கோ, இரவில எல்லா ஒழுங்கையும் ஒரே மாதிரித்தான் தெரியும். தேர், தீர்த்தம் நாளுகளில ஃபோன் சிக்னல் இழுபடும். பிள்ளையளோட போறவை, தவறினா எங்க வந்து நிக்கிறது எண்டு ஒரு இடத்தை முதலே சொல்லிக் குடுங்கோ, பிள்ளையின்ர சட்டைப் பையில நம்பர் எழுதின துண்டு வைச்சு விடுங்கோ.

என்னைக் கேட்டா தேரைவிட 23ஆம் நாள், தேருக்கு முதல் நாள், சாமி உயரமான சோடினையில வாற சப்பறத்துக்குப் போகச் சொல்லுவன். பின்னேரம் வெளிக்கிட்டு இருளேக்க அந்தச் சப்பறம் அசைஞ்சு வாறதைப் பாக்க ஒரு தனி உணர்ச்சி, தேருக்கு வாறளவு நெரிசலும் இல்லை.

நல்லூரோட முடிஞ்சுது எண்டு நினைக்காதேங்கோ. பங்குனி சித்திரையில தொடங்கி புரட்டாதி வரைக்கும் குடாநாட்டில எந்தக் கிழமையும் எங்கயோ ஒரு கோயிலில கொடி ஏறி இருக்கும். அதில பெரிய இரவுகள் எது எண்டா சப்பறமும், தீர்த்தத்துக்குப் பிறகு சாமிக்குக் கலியாணம் நடக்கிற பூங்காவனமும். மேளக்கச்சேரி வைக்கிற கோயில் எண்டு கேள்விப்பட்டா விடாதேங்கோ. இணுவில், அளவெட்டி, கோண்டாவில் பக்கம் தவில் எண்டா ரத்தத்தில இருக்கு, யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி, 1975இல செத்துப்போன அந்தப் பெரிய மனுசன், தமிழ்நாட்டு வித்துவான்மாரே எழும்பி நிண்டு பாத்த தவில்காரன், அவற்ற பேரைச் சொன்னா இப்பவும் வயசாளியள் கண்ணைத் துடைப்பினம். ரெண்டு மூண்டு நாதஸ்வரம், நாலு தவில் எண்டு நிலத்தில பாய் விரிச்சு இருப்பினம். சும்மா ஒரு பதினொரு மணி மட்டும் சாதாரணமாப் போகும், அதுக்குப் பிறகுதான் சூடு ஏறும், ஆளுக்காள் தாளக் கணக்கை எறிஞ்சு பிடிச்சு விளையாடத் தொடங்கினா கோயில் வீதியில நித்திரை கொண்ட கிழவனும் எழும்பி இருந்து தொடையில தாளம் போடும்.

இதுக்கு மைக் வைக்கிறது என்ர வேலையில எனக்குப் பிடிச்ச வேலை. நாதஸ்வரத்தின்ர அணைசுக்கு நேர மைக்கை வைச்சா காது கிழியும், துளையளால வாற சத்தமும் சேரவேணும், அதால கொஞ்சம் பக்கவாட்டில, தள்ளி, உயர்த்தி வைக்கிறது. தவிலுக்கு எண்டா வலந்தலையில விரல்கூடு போட்டு அடிக்கிற சத்தம் வறுத்த கச்சான் உடைக்கிறமாதிரி ஒண்டொண்டாக் கேக்கவேணும், தொப்பிப் பக்கம் கழியால அடிக்கிற கும்மு சத்தம் அதை மூடிப்போடக்கூடாது. எவ்வளவு நல்லா வைச்சாலும் ஸ்பீக்கருக்கால கேக்கிறது அரைவாசிதான். ஆனபடியா ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால கதிரை போட்டு இருக்காதேங்கோ, செருப்பைக் கழட்டி வைச்சிட்டு முன்னுக்கு வந்து அந்த மணலில குந்துங்கோ, ஆரும் துரத்தமாட்டினம், "தம்பி இஞ்சால வாங்கோ" எண்டு இடம் விடுவினம். வீடியோ எடுக்கிறதெண்டா ஒரு பாட்டுக்கு எடுங்கோ, வித்துவான்ர முகத்துக்கு ஃபிளாஷ் அடியாதேங்கோ. இந்த அளவு கலையை ஒரு சதம் ரிக்கெற் இல்லாமல் விடிய விடியக் குடுக்கிற ஊர் வேற எங்க இருக்கு, சொல்லுங்கோ.

கூத்தும் அப்பிடித்தான். நடிகமணி வைரமுத்து அரிச்சந்திர மயான காண்டத்தில பாடின காலத்தில, அவர் காங்கேசன்துறை ஆள், 1989இல காலமாகிட்டார், சனம் வண்டில் கட்டிக்கொண்டு வந்து பாய் விரிச்சுப் படுத்திருந்து பாத்தது எண்டு ஆச்சி சொல்லுவா. இப்ப அவ்வளவு இல்லை, ஆனா முடியேல்லை. காத்தவராயன் கூத்து ஊர்க் கோயிலுகளில போகுது, பாசையூர், குருநகர்ப் பக்கம் கத்தோலிக்க நாட்டுக்கூத்து இருக்கு, மரியசேவியர் அடிகளார் 1965இல தொடங்கின திருமறைக் கலாமன்றம் தவக்காலத்தில போடுற திருப்பாடுகளின் நாடகத்துக்கு மதம் பாக்காமல் சனம் வரும். பாசையூர் அந்தோனியார் பெருநாள் யூன் 13, அந்தக் கிழமை கரையோரம் முழுக்க லைட்டும் பாட்டும்தான். கூத்துப் பாக்கப் போறவை ஒரு பாய், ஒரு போர்வை, ஃபிளாஸ்கில பிளேன்ரீ, நுளம்புக்குப் பூச ஏதாவது கொண்டு போங்கோ. நடுவில நித்திரை வந்தா அப்பிடியே சரிஞ்சு படுக்கலாம், ஆரும் ஒண்டும் நினைக்கமாட்டினம், அது அப்பிடித்தான் காலங்காலமா.

ஆனா ஒரே ஒரு இரவுதான் எனக்கு லீவு, எங்க போறது எண்டு கேட்டா நான் வல்வெட்டித்துறை இந்திரவிழா எண்டுதான் சொல்லுவன். முத்துமாரியம்மன் கோயில் தீர்த்தம் சித்திராப் பௌர்ணமியில, அண்டைக்கு இரவு இந்திரவிழா. கடலோர ரோட்டு முழுக்க வளைவும் சோடினையும் லைட்டும், சந்திக்குச் சந்தி ஒரு மேடை, ஒரு மேடையில மேளம், அடுத்ததில பாட்டுக்கோஷ்டி, அங்கால நாடகம், வானத்தில புகைக்குண்டு ஒண்டுக்குப் பின்னால ஒண்டு. புகைக்குண்டு விடுறதைக் கிட்ட நிண்டு பாத்திருக்கிறியளோ? மெல்லிய கலர்த் தாளை ஒட்டி ஆளளவைவிடப் பெரிசாச் செய்து, பெடியள் சுத்தி நிண்டு வாயை விரிச்சுப் பிடிக்க, கீழ தீப்பந்தத்தில இருந்து சூடு ஏத்துவினம், தாள் மெல்லச் சுருக்கம் எடுபட்டு விறைச்சுக்கொண்டு வரும், ஆரோ ஒரு பெரியவர் கையை வைச்சுப் பாத்து "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" எண்டு சொல்லிச் சொல்லி, பிறகு "விடு!" எண்ட உடன எல்லாரும் ஒரே நேரத்தில கையை எடுக்க, அது ஒரு பக்கம் சரியாமல் நேரா எழும்பிக் கடல் பக்கம் போகும், ஊர் முழுக்கக் கூச்சல் போடும். காத்து நிண்ட நேரம் பாத்து விடுற அந்தக் கணக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலயும் படிப்பிக்கிறேல்லை. பௌர்ணமி போயா எண்டபடியா பாரும் பூட்டு, அந்த இரவு முழுக்க சனம் தேத்தண்ணியிலயும் கச்சானிலயும்தான் முழிச்சிருக்கும், அதே காரணத்தால பொம்பிளையள், சின்னப்பிள்ளையள் கனக்க நிப்பினம்.

அங்க போறதெண்டா டவுனில இருந்து முப்பது கிலோமீற்றருக்குக் கிட்ட, போறது பெரிசில்லை, வாறதுதான் கதை. இருட்டின பிறகு பருத்தித்துறைப் பஸ்ஸை நம்பிக்கொண்டு நிக்கேலாது. நாலைஞ்சு பேர் சேந்து வான் பிடியுங்கோ, சாரதி அண்ணைக்கும் சாப்பாடு வாங்கிக் குடுத்து வானுக்குள்ள கொஞ்சம் நித்திரை கொள்ளச் சொல்லுங்கோ, விடியப்புறம் நித்திரைத் தூக்கத்தோட ஓடுறதுதான் உண்மையான ஆபத்து. வாகனத்தை ஊருக்கு வெளியில விட்டிட்டு நடவுங்கோ, உள்ளுக்குக் கொண்டு போனா விடியுமட்டும் எடுக்கேலாது. பசிச்சா தொண்டைமானாற்றுப் பக்கம் செல்வச்சந்நிதி முருகன் கோயில் இருக்கு, அன்னதானக் கந்தன் எண்டுதான் பேரே, அதின்ர திருவிழாக் காலத்தில மடங்களில சாப்பிடாமல் ஆரும் வெளிய வரேலாது. தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில பட்டத் திருவிழாவும் இருக்கு, அது பகல் விசயம் எண்டாலும் சனம் இருட்டும் மட்டும் கலையாது.

இப்ப பெரிய கொன்சேர்ட்டுகளுக்கு வாறன். 2023 ஒக்டோபரில முற்றவெளியில இலவசமா ஒரு பெரிய இசை நிகழ்ச்சி நடந்தது, 2024 பெப்ரவரியில இன்னொண்டு. ரெண்டாவதில ரிக்கெற் பகுதிக்கும் இலவசப் பகுதிக்கும் நடுவில கட்டின தடுப்பைச் சனம் தள்ளிக்கொண்டு முன்னுக்கு வந்து நிகழ்ச்சியை இடையில நிப்பாட்டவேண்டி வந்தது. அதுக்குப் பிறகு "யாழ்ப்பாணத்துச் சனத்துக்குப் பண்பில்லை" எண்டு எழுதித் தள்ளினவை. எனக்கு அது கேக்க வயிறு எரிஞ்சது. நல்லூரில பெருஞ்சனம் ஒரு மனுசன் காலில மிதிபடாமல் தேர் இழுக்குது, அதே சனந்தானே இது? நல்லூரில ஒவ்வொருத்தருக்கும் எங்க நிக்கிறது, எந்தப் பக்கத்தால போறது எண்டு தலைமுறையாத் தெரியும். திறந்த வெளியில தொங்கலில நிக்கிற ஆளுக்கு ஸ்ரேஜும் தெரியாமல் சத்தமும் தெளிவாக் கேக்காமல் இருந்தா அவன் முன்னுக்குத்தான் வருவான், அது எந்த ஊரிலயும் நடக்கும். பின்னுக்கு நிக்கிறவைக்கும் ஒரு டிலே ஸ்பீக்கரும் பெரிய ஸ்கிறீனும் வைச்சா பாதிப் பேர் அசையமாட்டினம், இது நான் தொழிலில கண்ட விசயம், செலவுக் கணக்குப் பாக்கிறவை முதலில வெட்டுறதும் அதைத்தான்.

போறவைக்கு நான் சொல்லுறது: கேற் திறக்கிற நேரத்துக்கே போங்கோ, உள்ள போன உடன வெளிய வாற வழி ரெண்டைக் கண்ணால பாத்து வையுங்கோ. ஸ்ரேஜுக்கு நேர முன்னால, தடுப்போட ஒட்டி நிக்காதேங்கோ, தள்ளு வந்தா மூச்சு விடேலாத இடம் அதுதான். சவுண்ட் மிக்சர் வைச்சிருக்கிற கொட்டிலுக்குப் பக்கத்தில நில்லுங்கோ, நாங்கள் எங்கட காதுக்கு நல்லாக் கேக்கிறமாதிரித்தான் எல்லாத்தையும் செற் பண்ணுவம், அங்க நிக்கிறவைக்குத்தான் பாட்டு முழுசாக் கிடைக்கும். லைட் கோபுரத்தில, ஸ்பீக்கர் ஸ்ராண்டில ஏறுற பெடியளைக் கண்டா கீழ இறங்கச் சொல்லிக் கத்துங்கோ, அது பாரத்துக்குக் கணக்குப் பாத்துக் கட்டினது, ஆள் ஏற இல்லை, அதுக்குள்ள கரண்ட் வேற ஓடுது. கைக்குழந்தையைக் கொண்டு வராதேங்கோ, தயவு செய்து, அந்தக் காதுகள் பாவம்.

இருந்து அமைதியாப் பாக்கவேணும் எண்டா நூலகத்துக்குப் பக்கத்தில இந்திய உதவியோட கட்டின 11 மாடிக் கலாசார மையம் இருக்கு, 2023 பெப்ரவரியில சனத்துக்குக் கையளிச்சது, இப்ப திருவள்ளுவர் பேரில. உள்ளுக்க 600 பேர் இருக்கிற மண்டபம், ஏசி, நல்ல இருக்கை. பரதநாட்டிய அரங்கேற்றம், நாடகம், இசைக் கச்சேரி எண்டு அடிக்கடி நடக்கும், கனக்க இலவசம். உதயன், வலம்புரிப் பேப்பரில சின்ன விளம்பரமாப் போடுவினம், அதைப் பாக்கிற பழக்கம் வைச்சிருங்கோ, ஃபேஸ்புக்கில வாறதுக்கு முதலே தெரிஞ்சிடும். யாழ்ப்பாணம் சர்வதேச திரைப்பட விழா 2015இல இருந்து நடக்குது, தியேட்டருக்கு வராத படங்களை ஊரிலயே இருந்து பாக்கக் கிடைக்கிற சந்தர்ப்பம் அது, இளம் பெடியள் பெட்டையள் அங்க வந்து இயக்குநர்மாரோட தமிழில கேள்வி கேக்கிறதைப் பாக்க எனக்கு அவ்வளவு சந்தோசம்.

சத்தத்தைப் பற்றி ஒண்டு சொல்லாமல் விடேலாது. 2007இல உயர்நீதிமன்றம் தந்த உத்தரவோட இரவு 10 மணியில இருந்து விடிய 6 மணி வரைக்கும் ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை எண்டது பொதுவான சட்டம், விசேச சமய நிகழ்வுகளுக்குத்தான் பொலிசில கேட்டு விலக்கு எடுக்கலாம். மண்டபத்தில பார்ட்டி வைக்கிறவை இதை முதலே தெரிஞ்சிருக்கவேணும். ஒரு கலியாண பார்ட்டியில பத்தேகாலுக்கு நான் மிக்சரில மொத்தச் சத்தத்தை இறக்கினதுக்கு மாப்பிளையின்ர கூட்டாளிமார் என்ர கொலரைப் பிடிச்சவை, "காசு தந்தது நாங்கள்" எண்டு. மதிலுக்கு அங்கால வீட்டில ஒரு அம்மா படுக்கையில இருக்கிறா எண்டு எனக்குத் தெரியும், பின்னேரம் வயர் இழுக்கேக்க அவவின்ர மகள்தான் எனக்குத் தண்ணி தந்தது. நான் கூட்டேல்லை. பார்ட்டியை ஆறு மணிக்கே தொடங்குங்கோ, சாப்பாட்டுக்கு முதலே ஆட்டத்தை வையுங்கோ, நாலு மணித்தியாலம் நல்லா ஆடலாம், பத்துக்கு மெல்லிசை போட்டுக் கதைச்சுக்கொண்டு சாப்பிடலாம். அக்கம்பக்கத்து வீடுகளுக்கு முதல் நாளே போய் ஒரு சொல்லுச் சொல்லி வைச்சா பாதிப் பிரச்சினை இல்லை, முடிஞ்சா சாப்பாட்டுப் பாசலும் குடுத்து விடுங்கோ.

பொம்பிளைப் பிள்ளையள் இரவில வெளிக்கிடுறதைப் பற்றி. என்ர தங்கச்சி மகள் கம்பஸில படிக்கிறாள், திருநெல்வேலியில ரூம். அவளுக்கு நாடகம் பாக்க ஆசை, கச்சேரி கேக்க ஆசை, ஆனா ஏழரைக்கு நிகழ்ச்சி முடிஞ்சா எட்டு மணிக்கு அவள் ரோட்டில நிக்கிறாள், பஸ் இல்லை. இதுதான் எங்கட ஊரின்ர உண்மையான குறை எண்டு நான் நினைக்கிறன், கிளப் இல்லாதது குறையே இல்லை. அவளும் கூட்டாளியளும் இப்ப ஒரு ஓட்டோ அண்ணையை மாசக்கணக்கில ஒழுங்கு பண்ணி வைச்சிருக்கினம், மூண்டு நாலு பேராப் போய் மூண்டு நாலு பேராத் திரும்புவினம், லொக்கேசனை வட்சப்பில ஷேர் பண்ணுவினம். நெரிசலுக்குள்ள கை போடுறவன், ஃபோனால வீடியோ எடுக்கிறவன் எவனாவது இருந்தா சத்தம் போடச் சொல்லித்தான் நான் அவளுக்குச் சொல்லியிருக்கிறன், வெக்கப்படவேண்டியது அவன். பக்கத்தில நிக்கிற ஆம்பிளையள் நாங்கள் அந்த நேரம் வேற பக்கம் பாக்கக்கூடாது. பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990, பொம்பிளையளுக்கான உதவி இலக்கம் 1938, மூண்டையும் ஃபோனில சேவ் பண்ணி வையுங்கோ, 1990 வண்டி காசு கேக்காது.

நிகழ்ச்சி வைக்கிறவையிட்டயும் ஒரு வேண்டுகோள் இருக்கு. ஸ்ரேஜுக்கு எவ்வளவு செலவழிக்கிறியளோ அதில ஒரு சின்னப் பங்கைப் பொம்பிளையளுக்கான கழிப்பறைக்கும், அங்க போற வழிக்கு லைட்டுக்கும் ஒதுக்குங்கோ. வயர் இழுக்கிறது நான், கூலி வேண்டாம், ரெண்டு பல்ப் கூடப் போட எனக்குப் பத்து நிமிசம் காணும். முடியேக்க திருநெல்வேலிக்கும் மானிப்பாய்க்கும் சுன்னாகத்துக்கும் ஒவ்வொரு மினி பஸ் வாடகைக்குப் பிடிச்சு விடுங்கோ, ரிக்கெற் காசோட சேத்து வாங்கினா சனம் சந்தோசமாத் தரும். எங்கட ஊர்க் கோயில் பூங்காவனத்துக்கு நிர்வாகம் ஒருக்கா இப்பிடி ஒரு பஸ் விட்டுப் பாத்தவை, மேளக்கச்சேரி முடியுமட்டும் முன் வரிசையில அரைவாசி பொம்பிளைப் பிள்ளையள்தான் இருந்தவை.